கரண்டி, மெழுகுவத்தி, பெருத்த இதயம்

1820களில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் டாக்டர் ரிச்சர்ட் பிரைட் செய்துவந்த சோதனைக்கு ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியும் போதும். உடம்பு நீர்கோத்து வீங்கிய நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்துத் தீயில் காட்டுவார். முட்டையின் வெள்ளைக்கரு போல அது திரண்டு வெளுத்தால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறது என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கும். 1827இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். சிறுநீரகக் கோளாறுக்கே ‘பிரைட் நோய்’ என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது.

சிறுநீரக மருத்துவத்தின் தந்தை என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள், இதயத்தைப் பற்றி அவர் எழுதியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1836இல் இந்நோய் கண்ட நூறு பேரின் விவரங்களை அவர் அட்டவணையாக்கினார். 52 பேருக்கு இதயம் பெருத்திருந்தது. வால்வு பழுதானால் இதயம் பெருக்கும், அது தெரிந்த விஷயம். ஆனால் அந்த 52 பேரில் 34 பேருக்கு வால்வில் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஏன் பெருத்தது? பிரைட் இரண்டு காரணங்களை யோசித்தார். சிறுநீரகம் வடிகட்டாததால் இரத்தத்தின் தன்மையே மாறி, அது இதயத்தை நேரடியாகத் தாக்கலாம். அல்லது, மாறிய இரத்தம் நுண்ணிய குழாய்களைப் பாதித்து, அவற்றின் வழியே இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கலாம். இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி வார்டுகளுக்கு வராத காலத்தில் எழுதியது இது.

இரத்தம் மாறுகிறது என்பது வெறும் கற்பனையல்ல. ஜெனீவாவில் பிரெவோ, துய்மா என்ற இருவர், சிறுநீரகம் அகற்றப்பட்ட விலங்குகளின் இரத்தத்தில் யூரியா சேர்வதை 1820களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார்கள். பிரைட்டின் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்த ஜான் பாஸ்டாக்கும் யூரியாவைக் கண்டார்.

இருந்தாலும் முதலில் வென்றது இரண்டாவது காரணம்தான். அதில் பெரும்பங்கு, அதே கைஸ் மருத்துவமனையில் 1870களில் பணிபுரிந்த ஃபிரெடெரிக் அக்பர் முகமதுக்கு உரியது. பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்திப் பேர்பெற்ற சேக் தீன் முகமதின் பேரன் அவர். நாடித்துடிப்பைக் கோடாக வரையும் கருவியைச் செம்மைப்படுத்தி, சிறுநீரில் அல்புமின் தோன்றும் முன்பே அழுத்தம் ஏறியிருப்பதைக் கண்டார். 1884இல், 35 வயதில், டைபாய்டு அவரைக் கொண்டுபோனது. நாளடைவில் அழுத்தமே முழுக் கதையாகிவிட்டது. இரத்தத்தில் தேங்கும் பொருள்கள் என்ற முதல் யோசனை ஓரங்கட்டப்பட்டது. மருத்துவம் இங்கே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இரத்தத்தில் தேங்கும் பொருள்களை அளக்கும் வழிகள் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தன. காரம் சேர்ந்த பிக்ரிக் அமிலத்தோடு, சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவான கிரியேட்டினின் கலந்தால் செம்மஞ்சள் நிறம் வரும் என்று 1886இல் மாக்ஸ் யாஃபே எழுதினார். ஓட்டோ ஃபோலின் அதை இரத்தப் பரிசோதனையாக மாற்றினார். இன்றும் பல லேப்களில் கிரியேட்டினின் அளவு அந்த நிறத்தை வைத்துத்தான் வருகிறது.

முதல் யோசனைக்கு மறுவாழ்வு தந்தது டயாலிசிஸ். 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் தொடர் டயாலிசிஸைத் தொடங்கியபோது, யூரியா ஏறிச் சாக வேண்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் பிழைத்தார்கள். பிழைத்தவர்களைப் பிறகு மாரடைப்பு பிடித்தது. அங்கே 39 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1974இல் வெளியான கட்டுரை, இரத்தக்குழாய் அடைப்பு இவர்களிடம் விரைவுபடுவதாகச் சொன்னது.

இதய நோயாளிகளின் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு ஒத்துவந்தது. மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமான 14,527 பேரைப் பற்றிய ஆய்வு 2004இல் வந்தது. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 75க்குக் குறையாதவர்களில் மூன்றாண்டில் இறந்தோர் 14.1 சதவீதம்; 45க்குக் கீழே போனவர்களில் 45.5 சதவீதம்.

2011இல் கிளீவ்லாண்ட் கிளினிக்கின் ஸ்டான்லி ஹேசன் குழு டிஎம்ஏஓ என்ற பொருளைச் சுட்டிக்காட்டியது. முட்டை மஞ்சள்கருவிலும் ஆட்டு, மாட்டு இறைச்சியிலும் உள்ள சில சத்துகளைக் குடல் பாக்டீரியா சிதைக்க, அதில் வரும் பொருளைக் கல்லீரல் டிஎம்ஏஓவாக மாற்றுகிறது, வெளியேற்றுவது சிறுநீரகம். ஆஞ்சியோ செய்துகொண்ட 4,007 பேரை மூன்றாண்டு கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இது மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றின் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. சிக்கல் இல்லாமல் இல்லை. கடல்மீனில் டிஎம்ஏஓ இயல்பாகவே ஏராளம். மீனை இதயத்துக்கு நல்லது என்கிறோம். சிறுநீரகத் திறனையும் கணக்கில் சேர்த்தால் சில ஆய்வுகளில் இந்தத் தொடர்பு மெலிந்துவிடுகிறது. டிஎம்ஏஓ இதயத்தைக் கெடுக்கிறதா, கெட்ட சிறுநீரகத்தைக் காட்டிக்கொடுக்கிறதா என்ற வாதம் தீரவில்லை.

டிஎம்ஏஓ போன்றவற்றை அளக்கும் சோதனைகள் அன்றாடச் சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. கிரியேட்டினின் சோதனை எந்த ஊர் லேபிலும் உண்டு. ஆனால் தசை குறைந்த முதியவர்களுக்கு அந்த எண் மட்டும் ஏமாற்றிவிடும். ஆகவே இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் எவ்வளவு, சிறுநீரில் அல்புமின் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.