பல்டி கத்துக்கப் போற பிள்ளை... தனி வகுப்பா, கூட்டு வகுப்பா, எது பாதுகாப்பு?

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கிளிஞ்சல்மேடு கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்க. கரையேத்தி வெச்ச ஃபைபர் படகு விளிம்புல ஏறி, காத்துல ஒரு சுத்து சுத்தி மணல்ல வந்து நிப்பாங்க பொடிப்பசங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல. அண்ணன் அடிச்சான், தம்பியும் அடிக்கிறான், அவ்வளவுதான். இதைப் பார்க்கிற பெற்றோர் சிலருக்கு, 'இவனை முறையா ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேர்த்தா என்ன?'ன்னு தோணும். அடுத்த கேள்வி, காரைக்கால் டவுன்ல பத்து, இருபது பேரோட வகுப்புக்கு அனுப்புறதா, இல்ல மாஸ்டரை வெச்சுத் தனியா சொல்லிக்கொடுக்கச் சொல்றதா?

தனியான்னா முழு கவனமும் நம்ம பிள்ளை மேல இருக்கும், அதனால அடிபடாதுன்னு பலரும் நினைக்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதியையும் பார்ப்போம்.

முதல்ல உடம்பு. அமெரிக்காவுல 1990 முதல் 2005 வரைக்குமான கணக்குப்படி, ஜிம்னாஸ்டிக்ஸ்ல அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 6 - 17 வயசுப் பிள்ளைங்க வருஷத்துக்குச் சராசரியா 26,600 பேர். பயப்படுத்தச் சொல்லல. மென்மையான விளையாட்டு மாதிரி தெரிஞ்சாலும் இது அப்படிப்பட்டது இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான். கீழே வந்து இறங்கும்போதுதான் நிறைய அடி. மணிக்கட்டு, முழங்கை, கணுக்கால், இடுப்புன்னு உடம்போட பாரம் போய் விழுற இடமெல்லாம் வாங்கும்.

கூட்டு வகுப்போட பெரிய ஆபத்து, தன் முறை வராதவங்கதான். மாஸ்டர் ஒரு பிள்ளைக்குக் கை கொடுத்துத் தாங்கிட்டு இருக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னாடி நாலு பேர் சொந்தமா பல்டி அடிச்சுப் பார்ப்பாங்க. டிராம்போலின் இருந்தா இன்னும் மோசம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, டிராம்போலின் காயங்கள்ல ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒரே நேரத்துல ஒருத்தருக்கு மேல குதிக்கும்போது நடந்தது. அதுலயும் அடிபடுறது பெரும்பாலும் இருக்கிறதுலேயே சின்னப் பிள்ளைதான். பெரியவன் மிதிச்ச வேகத்துல சின்னவன் எகிறிடுவான். அதனால வகுப்பைப் பார்க்கப் போனா மாஸ்டர் எப்படிச் சொல்லித் தர்றாருங்கறதைவிட, வரிசையில நிக்கிற பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. ஒரு மாஸ்டருக்கு எட்டு பேருக்கு மேல போனா, கூட ஒரு உதவியாளராவது இருக்கணும்ங்கறது நம்ம கணக்கு.

தனி வகுப்புல இந்த நெரிசல் இல்ல. ஆனா இங்கே யாரும் யோசிக்காத ஒண்ணு இருக்கு. கூட்டத்துல ஒரு மணி நேரத்துல உங்க பிள்ளைக்கு முறை வர்றது மொத்தமா பதினஞ்சு நிமிஷம்தான். நடுவுல மணிக்கட்டுக்கு ஓய்வு. தனியா இருந்தா அதே மணிக்கட்டு ஒரு மணி நேரமும் பாரம் தாங்கும். வளர்ற பிள்ளைங்களுக்கு எலும்பு நுனியில வளர்ச்சித் தட்டுன்னு ஒரு மென்மையான பகுதி உண்டு. திரும்பத் திரும்ப அழுத்தினா அது புண்படும். 'ரெண்டு நாளா கை ஊனினா வலிக்குது'ன்னு பிள்ளை சொன்னா அது சாக்கு இல்ல. நம்ம ஊர்ல உடனே எண்ணெய் தடவி சுளுக்கு எடுத்து விடுற பழக்கம் இருக்கே, அதை மட்டும் செய்யாதீங்க. உள்ள எலும்புல விரிசல் இருந்தா உருவ உருவ மோசமாகும். பயிற்சியை நிறுத்திட்டு அரசு பொது மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப்போய் ஒரு எக்ஸ்ரே பாருங்க.

வீட்டுக்கு வர்ற மாஸ்டர்கிட்ட இன்னொரு குறை, தரை. மொட்டைமாடி சிமென்ட்ல யோகா மேட் விரிச்சுப் பல்டி கத்துக்கொடுத்தா, எவ்வளவு நல்ல மாஸ்டரா இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. படுக்கிற மெத்தையும் உதவாது. கால் புதைஞ்சு கணுக்கால் மடங்கும். மணல் பரவாயில்லையேன்னு கேப்பீங்க. காய்ஞ்ச மணல் வாங்கிக்கும், ஆனா சமமா இருக்காது. அலை தொட்ட ஈரமணலோ சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். போதாததுக்கு நம்ம ஊர் பேர்லயே கிளிஞ்சல் இருக்கு. அறுந்த வலைத்துண்டு, தூண்டில் முள்ளு வேற கிடக்கும்.

அடுத்தது, பேசவே தயங்குற விஷயம். ஜிம்னாஸ்டிக்ஸ்ல தொடாம சொல்லிக்கொடுக்க முடியாது. இடுப்பு, முதுகு, தொடையில கை வெச்சுத்தான் தாங்கணும். அதுவே தப்பான ஆளுக்கு வசதியாயிடும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு மருத்துவரா இருந்த லாரி நாசர், சிகிச்சைங்கற பேர்ல பல வருஷம் பிள்ளைகளைச் சீரழிச்சது தெரிஞ்ச கதைதான். 2018 ஜனவரியில அவருக்கு 40 முதல் 175 வருஷம் வரை சிறைத்தண்டனை கிடைச்சது. கோர்ட்டுல 150-க்கும் மேற்பட்டவங்க வாக்குமூலம் கொடுத்தாங்க. இதுல நம்மள உலுக்கவேண்டிய தகவல் என்னன்னா, சில பிள்ளைங்களோட அம்மா, அப்பா அதே அறையில உக்காந்திருந்தப்போதான் அது நடந்திருக்கு. கண்ணை மறைக்கிற மாதிரி நின்னுக்கிட்டார். ஆக, 'நான் கூடவே இருக்கேன்'ங்கறது மட்டும் போதாது. எங்க தொடுவாங்க, எதுக்குன்னு உங்களுக்கும் பிள்ளைக்கும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

அதுக்கப்புறம் அங்கே வந்த சட்டம், பெரியவர் ஒருத்தரும் பிள்ளையும் தனியா இருக்கிறதைக் கட்டுப்படுத்தச் சொல்லுது. அப்படி இருந்தாலும், வேற ஒருத்தர் பார்க்கிற, குறுக்கிடுற தூரத்துல இருக்கணும். எளிமையான விதி. கிளிஞ்சல்மேட்டுலயும் செல்லும். இங்கேயும் நடக்காத விஷயம் இல்ல. 2021-ல் சென்னையில ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவுல கைதானார். 2012-ல் வந்த அந்தச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ எல்லாருமே குழந்தைங்கதான். தெரிஞ்சும் புகார் சொல்லாம இருந்தா அதுவும் குற்றம். 'ஊர்ல பேர் கெட்டுடும்'னு மூடி மறைக்க சட்டத்துல இடமில்ல. 1098-க்கு போன் பண்ணலாம்.

அப்பா கடலுக்குப் போயிடுவார், அம்மா கூடையோட மார்க்கெட்டுல இருப்பாங்க. தினம் யார் போய் உக்காந்து பார்க்கிறது? அதுக்குத்தான் நடுவழி ஒண்ணு சொல்றோம். சொந்தத்துலயோ தெருவுலயோ மூணு, நாலு பிள்ளைங்களைச் சேர்த்து ஒரு மாஸ்டர்கிட்ட விடுங்க. மெத்தை, பாய் எல்லாம் உள்ள கூடத்துல, கதவு திறந்திருக்க, பெரியவங்க யாராவது ஒருத்தர் முறை வெச்சுப் போகட்டும், ஆத்தாவோ சித்தியோ. செலவும் பிரியும், பிள்ளைக்கு ஓய்வும் கிடைக்கும், மாஸ்டரும் தனியா இருக்க மாட்டார். ஆரம்பத்துல தனி வகுப்பே தேவையில்லங்கறது நம்ம கருத்து. முழுநேரத் தனிக்கவனமெல்லாம் 2016 ரியோ ஒலிம்பிக்ல நாலாவது இடம் பிடிச்ச அகர்தலா தீபா கர்மாகர் மாதிரி 'ப்ரொடுனோவா' அடிக்கிறவங்களுக்கு. உருளவும் விழவும் கத்துக்கிற ஆறு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு?

சேர்க்கிறதுக்கு முன்னாடி மாஸ்டர்கிட்ட, 'முதல் மாசம் என்ன சொல்லித் தருவீங்க?'ன்னு கேளுங்க. 'பேக் பல்டி'ன்னு சொன்னார்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. தாடையை நெஞ்சோட ஒட்டி உருளுறது, முட்டியை மடக்கி இறங்குறது, விழும்போது கையைப் பின்னாடி ஊனாம இருக்கிறது... இதுதான் முதல் மாசம். வலிப்பு, ஆஸ்துமா இருந்தா மறைக்காம சொல்லுங்க. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைன்னா கழுத்தெலும்பை டாக்டர் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் உருளவே விடணும். தலைகுப்புற விழுந்து கழுத்து வலிக்குதுன்னு சொன்னா தூக்கி உக்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. அசையாம படுக்க வெச்சுட்டு 108-ஐக் கூப்பிடுங்க.

வீட்டுக்கு வந்ததும் 'இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?'ன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னுதான் பதில் வரும். 'இன்னைக்கு யாரு விழுந்தாங்க, மாஸ்டர் என்ன பண்ணார்?'னு கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்லுவாங்க.