நீர்ப்பிளப்பு ஒளிமின்முனை

நீர்ப்பிளப்பு ஒளிமின்முனை என்பது சூரிய ஒளியை உறிஞ்சி, அவ்வாற்றலைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க உதவும் குறைகடத்தி மின்முனை ஆகும். 1972 ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த அகிரா புஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா ஆகியோர் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையைப் பற்றி நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையே இத்துறைக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

பொருள் தேர்வு

நீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் இழப்புகளை ஈடுகட்டக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடு நீரில் கெடாது. ஆனால் அதன் பட்டை இடைவெளி (ஆற்றல் இடைவெளி) ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட் ஆதலால் புற ஊதாக் கதிர்களை மட்டுமே உறிஞ்சுகிறது. சூரிய ஆற்றலில் அவற்றின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடே. ஒளியை நன்கு உறிஞ்சும் பொருள்கள் பலவும் நீரில் அரிக்கப்படுகின்றன. 1998 இல் அமெரிக்காவில் கசெலெவ், டர்னர் ஆகியோர் காலியம் சேர்மங்களால் அமைத்த கலம் 12.4 விழுக்காடு செயல்திறன் காட்டியது. எனினும் அப்பொருள்கள் விலை மிகுந்தவை, நெடுநாள் நிலைக்காதவை.

ஹேமடைட்

இரும்புத் துருவுக்கு நெருங்கிய உறவுடைய ஹேமடைட் (பெர்ரிக் ஆக்சைடு) மலிவானது, நிலையானது, கட்புல ஒளியையும் உறிஞ்சுவது. இதன் பட்டை இடைவெளி சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட். இத்தனை நற்பண்புகள் இருந்தும் இது எளிதில் பயன்தரவில்லை. ஒளி படும்போது எலக்ட்ரான் விலகுவதால் உண்டாகும் நேர்மின் 'துளை', நீரைத் தொடும் பரப்பை அடைந்தால்தான் ஆக்சிஜன் வெளிப்படும். ஹேமடைட்டில் துளை சில நானோமீட்டர் தொலைவே நகர்ந்து, எலக்ட்ரானுடன் மீண்டும் சேர்ந்து அழிகிறது. ஒளியோ நூறு நானோமீட்டருக்கும் மேல் ஊடுருவிய பின்னரே பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது. எனவே தடித்த படலத்தில் துளைகள் வீணாகும். மெல்லிய படலத்தில் ஒளி வீணாகும்.

இதற்குத் தீர்வாகப் படலத்தைக் கிளைத்த மரம்போல் வளர்க்கும் முறை உருவானது. கிளை மெலிதாக இருப்பதால் துளைக்கு நீர் அருகிலேயே கிடைக்கிறது. மரத்தின் உயரம் முழுவதும் ஒளியை உறிஞ்சுகிறது. 2006 இல் சுவிட்சர்லாந்தில் கே, சீசர், கிரெட்செல் ஆகியோர் சிலிக்கான் கலந்த இத்தகைய படலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2.2 மில்லி ஆம்பியர் பெற்றனர். மேலே கோபால்ட் பூசியபோது அது 2.7 ஆயிற்று. கொள்கையளவு உச்சம் ஏறத்தாழ 12.6 ஆகும். தவிர, ஹைட்ரஜனை வெளியேற்ற ஹேமடைட் தரும் மின்னழுத்தம் போதாமையால், வெளியிலிருந்தோ இணைத்த சூரிய மின்கலத்திலிருந்தோ உதவி தேவைப்படுகிறது.

இந்தியாவில்

1953 இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் ஒளிமின்வேதியியலுக்கான குறைகடத்திப் படலங்கள் ஆராயப்பட்டுள்ளன. 2023 இல் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ரூ. 19,744 கோடியில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது ரூ. 400 கோடி; பெரும்பகுதி மின்னாற்பகுப்புக் கருவி உற்பத்திக்கும் ஹைட்ரஜன் உற்பத்திக்குமான ஊக்கத்தொகையாகும்.

தர்மபுரி மாவட்டம் தீர்த்தமலையில் உள்ள இரும்புத்தாது மேக்னடைட் வகையைச் சார்ந்தது. பெயர் ஒத்தொலித்தாலும் அது ஹேமடைட் அன்று. அதன் பட்டை இடைவெளி மிகச் சிறிதாகையால் ஒளிமின்முனைக்கு ஏற்றதன்று.