மரத்தை எடை போட்டவர்கள்

200 பவுண்டு காய்ந்த மண், ஒரு தொட்டி, 5 பவுண்டு எடையில் ஒரு வில்லோ கன்று. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மோன்ட் செய்த சோதனைக்கு இவ்வளவுதான் முதலீடு. தூசி விழாமலிருக்க, துளையிட்ட தகட்டால் தொட்டியை மூடித் தண்ணீர் மட்டும் ஊற்றிவந்தார். 5 ஆண்டுகளில் மரம் 169 பவுண்டைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார். 1648-இல் வெளியான அவருடைய நூலில் இது பதிவாகியிருக்கிறது. கரி எரிந்தால் ஒரு வாயு வெளியேறுகிறது என்று கண்டறிந்தவரும் அவரேதான். அதே வாயு மரத்துக்குள் போகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

காற்றிலுள்ள கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்தே செடிக்கு எடை கூட்டுகின்றன என்று 1804-இல் ஜெனீவாவின் த சோசூர் அளந்து காட்டினார்.

ஆனால் காட்டில் நிற்கும் மரத்தை எந்தத் தராசில் ஏற்றுவது? வழி காட்டியது தேக்கு வியாபாரம். 1856-இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தாவரவியலர் டீட்ரிக் பிராண்டிஸ், யானை மீதேறிக் காட்டை ஊடறுத்துச் சென்றார். கையில் சில மூங்கில் துண்டுகள், ஒரு பேனாக்கத்தி. பருமனுக்கு ஏற்ப ஒவ்வொரு வகைக்கும் ஒரு துண்டு. தேக்கு கண்ணில் பட்டால் அதற்குரிய துண்டில் ஒரு வெட்டு. ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்பது அந்த வெட்டுகளிலிருந்தே தீர்மானமானது.

அடிமரத்தின் பருமனை வைத்து மரத்தை மதிப்பிடும் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. இந்தியாவில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றுகிறார்கள். ஆனால் வியாபாரிக்குத் தண்டு போதும். மரம் எவ்வளவு கரியமில வாயுவை எடுத்தது என்ற கணக்குக்குக் கிளையும் வேரும் வேண்டும். அதனால் ஆய்வாளர்கள் மரங்களை வெட்டி, உலர்த்தி, எடைபோட்டுச் சமன்பாடுகள் வகுத்தார்கள். 2014-இல் ஜெரோம் ஷாவ் குழு வெளியிட்ட வெப்பமண்டலச் சமன்பாட்டுக்குப் பின்னால் 4,004 மரங்கள் இருக்கின்றன. விட்டம், உயரம், மர அடர்த்தி மூன்றும் தெரிந்தால் தரைக்கு மேலுள்ள எடை கிடைக்கும். வேருக்குத் தனியே கூட்ட வேண்டும்.

உலர் எடை 1,000 கிலோ என்றால், அதில் கார்பன் சுமார் 470 கிலோ. அதை 44/12-ஆல் பெருக்கினால், காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு ஏறத்தாழ 1,720 கிலோ.

இது மரம் ஆயுள் முழுக்கச் சேர்த்த இருப்பு. ஆண்டு வரவு தெரிய வேண்டுமானால் அதே மரத்தை மறுபடியும் அளக்க வேண்டும். நீலகிரி அடிவாரத்து முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து ஒதுக்கி, அதன் மரங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. தடித்த மரங்கள் வரவில் சேரும். யானை முறித்தவையும் தீயில் கருகியவையும் கழியும்.