சிறு நிலமும் குடும்ப வேளாண்மையும்: கஹவத்தைத் தோட்டப்புறம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நிலமும் உழைப்பும் ஒரே குடும்பத்தின் கையில் இணைந்திருக்கும் போதே சிறு வேளாண்மை தழைக்கும். இவ்வுண்மையை ஆராய்வதற்கு இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தை ஏற்றதொரு களமாகும். அங்கே கிராமத்தவரின் வீட்டுத்தோட்டமும் தோட்டத் தொழிலாளரின் லயத்தோர மரக்கறிப் பாத்தியும் அயலயலே இருந்து வந்துள்ளன. இவ்விரண்டையும் வேறுபடுத்தியது மண்ணன்று. உரிமையே என்பதை வரலாறு காட்டும்.

சப்பிரகமுவவின் ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். அம்மழைக்கு ஏற்பவே கிராமத்து வீட்டுத்தோட்டம் அமைந்தது. மேலே தென்னையும் பலாவும், நடுவே கமுகும் அதிற் படரும் மிளகும் வாழையும், கீழே கிழங்கும் கீரையும் எனப் பல அடுக்காகப் பயிர்கள் நிற்கும். இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கும், உதிர்ந்தவை உரமாகும். எனினும், தான் நடும் பலாவின் பயன் தன் பிள்ளைகளைச் சேரும் என்ற உறுதியுள்ளவனே பலாவை நடுவான்.

அவ்வுறுதி தொழிலாளிக்கு இருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. அவ்வழியே பெருந்தோட்டம் விரிந்தது. முதலிற் கோப்பியும், பின்னர் தேயிலையும் இறப்பரும் பயிராயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வாழ்ந்த லயம் தோட்டத்தின் உடைமை. எனவே லயத்தோரப் பாத்தியும் நிர்வாகத்தின் இசைவில் நின்றதே. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்திற்கென அரசு சுவீகரித்தபோது தொழிலாளர் வெளியேறப் பணிக்கப்பட்டனர். அதனை எதிர்த்து 1946இற் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பெயர்க்கப்படக்கூடிய குடி, சில மாதங்களிற் பயன்தரும் மிளகாயையும் அவரையையுமே நாடியதில் வியப்பில்லை.

சிறு நிலத்திற்கு உகந்த நுட்பங்கள் இல்லாமலில்லை. ஆபிரிக்காவின் லெசோத்தோவில் நடுவே கழிவுக்கூடை அமைத்துச் சுற்றிலும் பயிரிடும் வட்டப்பாத்தி பரவியுள்ளது. சமையற் கழிவும் கழுநீரும் நடுவிலிருந்து ஊறிப் பயிருக்கு ஊட்டமாகும். நின்ற இடத்திலிருந்தே கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்யலாம். வாழையடியில் வட்டக் குழி அமைத்துக் குப்பையும் நீரும் இடும் நம்மவர் வழக்கும் இதற்கு நெருங்கியதே. ஆயினும் ஆண்டுதோறும் வளம் சேர்க்கும் இம்முறைக்கு நிலைத்த குடியிருப்பு இன்றியமையாதது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. உடைமையாளர் மாறினர், தொழிலாளர் நிலமற்றவராகவே இருந்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டப்புறங்களிற் பட்டினிச்சாவுகள் நிகழ்ந்தன. தேயிலைக் கடலின் நடுவே உணவுக்கு நிலமில்லாமை எத்தகையது என்பதை அப்பஞ்சம் உணர்த்திற்று.

1977இலும், கஹவத்தை உள்ளிட்ட இரத்தினபுரிப் பகுதியில் 1981 ஆகஸ்டிலும் நிகழ்ந்த வன்செயல்கள் பல குடும்பங்களைப் பெயர்த்தன. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் தொடங்கிய காந்தீயம் இயக்கம் மலையக அகதிகளை வவுனியா முதலிய வன்னிப் பகுதிகளிற் குடியமர்த்தியது. கொழுந்து பறித்த கைகள் அங்கே தமக்கெனப் பயிரிட்டன. அவ்வாழ்வும் நீடிக்கவில்லை. 1983 ஜூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். 1984இல் கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அகற்றப்பட்டன. அங்கே குடியமர்த்தப்பட்ட சிங்களக் கைதிகளும் குடும்பத்தினரும் அவ்வாண்டு நவம்பரிற் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஏழைகளின் நிலப்பசி இருபுறமும் அரசியலுக்கு இரையாயிற்று.

அண்மைக் காலத்தில் வீடமைப்பிற்கென 7 பேர்ச்சஸ் காணி வழங்கும் திட்டம் வந்தது. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் கொண்டது. 7 பேர்ச்சஸ் அதன் இருபதிலொரு பங்குக்கும் குறைவு. வீடு போக எஞ்சுவது ஒருசில பாத்திகளே. இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை இன்று சிற்றுடைமையாளரே விளைவிக்கின்றனர். ஆகவே பெருந்தோட்டமின்றித் தேயிலை இல்லை என்னும் வாதம் நில்லாது. 2022இன் உணவு நெருக்கடி வீட்டுத்தோட்டத்தின் தேவையை நாடெங்கும் நினைவூட்டியது. பயிரிடும் முறையை மக்களுக்குக் கற்பிக்க முனைவோர், அதனைச் செய்வதற்குரிய நிலத்தை அவர்க்கு உரித்தாக்குதலே முதற் கடமையாகும்.