மேக்ஃபைலில் நிறுவல் குறிப்புகள்

மேக்ஃபைல் என்பது ஒரு மென்பொருளின் மூலநிரலை எந்த வரிசையில் தொகுப்பது, உருவான கோப்புகளை எங்கே நிறுவுவது என்று கணினிக்குச் சொல்லும் உரைக்கோப்பு ஆகும். அதைப் படித்து வேலை செய்யும் ‘மேக்’ கருவியை 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கினார். இதற்காக 2003ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இக்கோப்பில் # குறிக்குப் பின் எழுதுவது மனிதருக்கான குறிப்பு. ‘மேக்’ அதைப் பொருட்படுத்தாது. (கட்டளை வரிகளைப் போல முன்னால் ‘டேப்’ இட்டு எழுதிய குறிப்பு மட்டும் விதிவிலக்கு. அது திரையில் வந்து நின்று புதியவரைக் குழப்பும்.) தொடக்கத்தில் நிரலை எழுதியவரும் நிறுவியவரும் பெரும்பாலும் ஒரே ஆய்வகத்தார், குறிப்பு சுருக்கமாக இருந்தாலும் போதும். பிறகு மூலநிரல் வெளியிடங்களுக்குச் சென்றது. யூனிக்ஸோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. “இந்தக் கணினி என்றால் இவ்வரியின் # குறியை நீக்குக, அந்தக் கணினி என்றால் அடுத்த வரியின் குறியை நீக்குக” என்று குறிப்புகள் நீண்டன. தவறான வரியைத் திறந்தவருக்கு மென்பொருள் கிடைக்காது. கட்டளை மாறியபின் பழைய குறிப்பு அப்படியே கிடந்தாலும், கணினி அதை இயக்குவதில்லை என்பதால், பிழை வெளியே தெரியாது.

1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ இந்தச் சுமையைக் குறைத்தது. கணினியின் தன்மையை ‘கான்ஃபிகர்’ நிரலே ஆராய்ந்துகொண்டதால், # நீக்கும் குறிப்புகள் பலவற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. சொற்களைத் திருத்தியதைவிட இதுவே பெரிய எளிமையாக்கம். நிறுவும் முறை ‘இன்ஸ்டால்’ என்ற தனிக்கோப்புக்கு மாறியது. அக்கோப்பும் பல பக்கங்களுக்கு வளர்ந்தது வேறு கதை! பின்னாளில் அதன் முகப்பில் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று கட்டளைகளை ஒரே வரியில் தர வேண்டியதாயிற்று.

லினக்ஸ் கருனியின் மேக்ஃபைல் இன்னும் வெளிப்படையானது. அதன் தலைப்பகுதிக் குறிப்பு, கோப்பிலுள்ள குறிப்புகள் நிரலாளருக்கு மட்டுமே உரியவை, கருனியைத் தொகுக்கும் முறையை இங்கே கற்க எதிர்பார்க்க வேண்டாம் என்கிறது. கட்டளைகளின் பட்டியல் வேண்டுவோர் ‘மேக் ஹெல்ப்’ என்று இயக்க வேண்டும். நிறுவுபவர், நிரலாளர் என்ற இரு வாசகரையும் பிரித்த பின்னரே குறிப்புகள் சுருங்கின.

தமிழகத்தில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை மாணவர் கைக்குக் கொண்டுவந்தது. கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் போன்ற ஊர்களில் மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளை நிறுவ முயலும் மாணவருக்கு ஆசிரியர் பெரும்பாலும் அந்தக் குறிப்புதான். அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். # குறிக்குப் பின் வருவதை ‘மேக்’ படிப்பதில்லை என்பதால், யூனிகோடு தமிழிலும் அங்கே தடையின்றி எழுதலாம்.