இலங்கை மலையகத்தில் மண்சரிவு: எச்சரிக்கை வந்தும் மக்கள் ஏன் கிளம்புவதில்லை?

2014 அக்டோபர் 29. பதுளை மாவட்டம், கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை தோட்டம். காலையில் மலைச்சரிவு அப்படியே இறங்கி லயன் வீடுகளை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்கு அப்பா அம்மாவும் இல்லை.

மழை பெய்தால் மண் கரையும், அவ்வளவுதானே என்று தோணலாம். விஷயம் வேற. பாறைக்கு மேல் இருக்கும் மண் தண்ணீரைக் குடித்து கனமாகிறது. மண் துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏற, பிடிமானம் விட்டுப்போகிறது. அதனால் மழை விட்ட பிறகும் சரியலாம். சரிந்த மண் ஓடையை அடைத்து, பிறகு உடைந்தால் கீழே திடீர் வெள்ளம்.

தரையில் புது விரிசல், சாயும் மரங்கள், திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் தண்ணீர். இதெல்லாம் பார்த்தால் யோசிக்காமல் வெளியேறணும். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் உஷார், 100 என்றால் கிளம்பத் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது அங்குள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல்.

மீரியபெத்தைக்கும் 2005, 2011 ஆண்டுகளிலேயே எச்சரிக்கை போயிருந்தது. ஆனா எங்கே போறது? லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். தேயிலை பறிக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வேறு இடத்தில் ஒரு துண்டு நிலம்கூட கிடையாது.