பின்தொடர்ந்தவனும் சிறைப்பட்டவளும்

கோலார் தங்கவயலுக்கு நாம் சென்றிருந்தபோது உறவினர் ஒருவர் இல்லத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது நீதிமன்ற வழக்கன்று. தந்தைக்கும் மகளுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கு. மகள் நாள்தோறும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புபவள். சில திங்களாக ஓர் இளைஞன் அவள் ஏறும் பெட்டியிலேயே ஏறுகிறான். அவள் இறங்கும் இடத்தில் இறங்குகிறான். எவரிடமோ அவளுடைய தொலைபேசி எண்ணைப் பெற்று ஓயாது செய்தி அனுப்புகிறான். வேண்டாம் என்று அவள் மும்முறை கூறிவிட்டாள். கூறக் கூற அவன் ஊக்கம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. செய்தி தந்தையின் செவிக்கு எட்டியது. மகள் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதே அவர் செய்த முடிவு.

"அவன் ஏறக்கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான் ஏறக்கூடாது என்று மட்டும் சொல்லுகிறீர்களே, அப்பா!" என்றாள் அப்பெண்.

தந்தை விடை கூறவில்லை. அன்றிரவு நம்மாலும் விடை கூற இயலவில்லை. ஆயினும் அவ்வினா புதியதன்று. தங்கவயல் தமிழர் போற்றிய பழைய காப்பியம் ஒன்றினுள்ளேயே அது இருக்கிறது.

தங்கவயலின் வரலாற்றை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் திரள் திரளாக மைசூர் நாட்டில் சென்று குடியேறின. 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன்பாறையை வெட்டியவருள் பெரும்பாலோர் அவர்களே. சட்டி பானைகளோடு அவர்கள் தமிழ் நூல்களையும் உடன்கொண்டு சென்றனர். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இலங்கையில் பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தழைத்தன. பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914-இல் மறைந்த பின்னர், 1926 முதல் சில ஆண்டுகள் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் முயற்சியால் வெளிவந்தது. பண்டிதர் பௌத்தம் தழுவிய அதே 1898-ஆம் ஆண்டில்தான் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டார் என்பது கருதத்தக்கது. தமிழில் எஞ்சிய பௌத்தப் பெருங்காப்பியம் ஆதலின், தமிழ்ப் பௌத்தர்க்கு அது ஒரு கருவூலமாயிற்று.

அக்காப்பியத்தை அறநூல் என்று போற்றுவோர் பலர். அமுதசுரபியை அறியாதார் இலர். ஆனால் மணிமேகலை ஒரு வகையில், விருப்பமில்லாப் பெண் ஒருத்தியை விடாது பின்தொடர்ந்த ஆடவன் ஒருவனின் கதையுமாகும் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

சோழ அரசகுமாரன் உதயகுமரன் மணிமேகலையைத் தேடித் தேரேறி உவவனம் வருகின்றான். அவள் பளிக்கறையினுள் புகுந்து தாழிட்டுக்கொள்ளுகிறாள். கண்ணாடியனைய அவ்வறைக்கு உள்ளிருப்பது வெளியே தெரியும். ஆனால் வெளியே நிற்பவன் உள்ளே புக இயலாது. உதயகுமரன் நிற்கிறான், பார்க்கிறான், சித்திராபதியின் வாயிலாக இவளை அடைவேன் என்று கூறிப் போகின்றான். அவளிடம் கேட்டுப் பெறாததை அவள் பாட்டியிடம் கேட்டுப் பெறலாம் என்பது அவன் எண்ணம்.

அவன் சென்ற பின்னர் மணிமேகலை தன் தோழி சுதமதியிடம் ஓர் உண்மையை மறைக்காமல் கூறுகிறாள். தன் நெஞ்சம் அவன்பால் சென்றது என்கிறாள். சாத்தனாரின் நுண்மை இவ்விடத்தேதான் விளங்குகிறது. அவளுக்கு அவன்மீது வெறுப்பு என்று புலவர் எழுதியிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். அவ்வாறன்றி, நெஞ்சு நெகிழ்ந்தும் அவள் துறவையே தேர்ந்தாள் என்று காட்டுகிறார். நெஞ்சில் தோன்றும் ஆசை வேறு; அறிவு செய்யும் முடிவு வேறு. "உள்ளுக்குள் அவளுக்கும் விருப்பம் உண்டு" என்று பின்தொடர்வோர் எக்காலத்தும் கூறுவர். விருப்பம் இருந்தாலுமே முடிவு அவளுடையது என்பது காப்பியம் தரும் விடை.

இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார் புலவர். மணிபல்லவத்தில் மணிமேகலை தன் முற்பிறப்பை அறிகின்றாள். அப்பிறப்பில் அவள் இலக்குமி. அவள் கணவன் இராகுலன். அவ்விராகுலனே இப்பிறப்பில் உதயகுமரன். ஊழே அவன் பக்கம் நிற்பதாகத் தோன்றும் இடம் இது. ஆயினும் முற்பிறப்பில் கணவனாய் இருந்தவன் என்ற காரணத்தாலும் அவனுக்கு இப்பிறப்பில் உரிமை பிறக்கவில்லை. அவள் அவனுக்கு அறிவுரை கூறுகின்றாள். தன்னைக் கொடுத்தாள் இல்லை.

சித்திராபதியோ உதயகுமரனைத் தூண்டிவிடுகின்றாள். கணிகையர் குலத்தில் பிறந்தவளுக்கு மறுக்கும் உரிமை ஏது என்பதே அவள் பேச்சின் சாரம். அவன் உலகவறவிக்கு வருகின்றான். மணிமேகலை சம்பாபதி கோயிலினுள் புகுந்து, காயசண்டிகை என்னும் விஞ்சை மகளின் வடிவம் கொண்டு வெளிவருகின்றாள். தன் ஊரில், தன் தெருவில், தன் முகத்தோடு நடக்க முடியாமல் வேற்று முகம் பூண வேண்டிய நிலை அவளுக்கு வந்தது. இன்று எண்ணை மாற்றியும், வழியை மாற்றியும், வேலையை மாற்றியும் திரியும் பெண்களின் நிலை இதனின் வேறோ?

முடிவு நாம் அறிந்ததே. காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன், தன் மனைவியை நாடி வந்தவன் இவன் என்று பிறழ உணர்ந்து, நள்ளிரவில் உதயகுமரனை வாளால் வீழ்த்தினான். மணிமேகலை அழுதாள். முனிவர் அரசனிடம் செய்தியைக் கூறுங்கால், புகாரில் முன்னர் நிகழ்ந்த இரண்டு கதைகளையும் எடுத்துரைக்கின்றனர். ககந்தன் என்பானின் இளைய மகன், காவிரியில் நீராடித் திரும்பிய மருதி என்னும் பார்ப்பனியை அழைத்தான்; மூத்த மகன், விசாகை என்னும் நங்கைக்குத் தெருவில் மாலை சூட்ட முயன்றான். இருவரையும் தந்தையே ஒறுத்துக் கொன்றான் என்பது கதை. அவ்வொறுப்பின் கடுமையை நாம் இன்று ஏற்பதற்கில்லை. எனினும் அக்கதைகளில் குற்றம் எவர் தலையில் சுமத்தப்பட்டது என்பதை நோக்குக. நீராடச் சென்றது மருதியின் பிழை என்று அங்கே எவரும் கூறவில்லை.

சோழவேந்தனும் தன் மகன் செய்தது பிழையே என ஒப்பினான். ஆனால் உடனே இரண்டு ஆணைகள் பிறப்பித்தான். இச்செய்தி பிற வேந்தர் செவிக்கு எட்டுமுன் உடலை ஈமத்தில் ஏற்றுக என்பது ஒன்று. மணிமேகலையைக் காவலில் வைக்க என்பது மற்றொன்று. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய அரசன் பெண்ணைப் பூட்டினான். பின்னர் அவளைத் தன்பால் பெற்ற அரசமாதேவி, மகனை இழந்த துயரத்தால், மருந்தூட்டிப் பித்தேற்றவும், முரடன் ஒருவனை ஏவவும், உணவின்றி அறையில் அடைக்கவும் துணிந்தாள். சில நாள் முன்னர்த்தான் இதே மணிமேகலை அரசனிடம் வேண்டிப் புகாரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியிருந்தாள். சிறையை ஒழித்தவளையே நகரம் சிறைவைத்தது.

தங்கவயல் பெண்ணின் வினா இதுவன்றோ? பின்தொடர்ந்தவன் ஒருவன், அடைக்கப்பட்டவள் மற்றொருத்தி.

காப்பியத்திற்கு முற்பட்ட இலக்கண மரபும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தது. தொல்காப்பியம் காமத்தை எழுதிணையாகப் பகுத்தது. அன்பொத்த இருவரின் ஒழுக்கத்தை நடுவில் ஐந்திணையாக வைத்தது. ஒருபாற் காதலைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் இரு புறத்தே ஒதுக்கியது. மறுமொழி பெறாமலே தானே பேசித் தானே மகிழ்வது கைக்கிளையின் இயல்பு. தெளிவிழந்த வேட்கையும் வலிந்து கொள்ளுதலும் பெருந்திணையின்பாற் படும். பனைமடலால் குதிரை செய்து, எருக்கமாலை சூடி, ஊர் நடுவே வந்து தன் காதலைப் பறைசாற்றும் மடலேற்றத்தை நாம் அறிவோம். மடலேறுவேன் என்று தோழியிடம் சொல்லுமளவும் அது ஐந்திணைக்குள் அடங்கும். உண்மையில் ஏறிவிட்டால் பெருந்திணையாகிவிடும். அக்கால இலக்கணம் இவற்றைக் குற்றம் என்று தண்டிக்கவில்லை. ஆயினும் இவற்றைக் காதலின் நடுவிடத்தில் வைக்கவும் இல்லை.

அவ்வாறாயின், விடாது துரத்துவதே காதல் என்னும் எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வலுப்பெற்றது? தொடர்கதைகளுக்கும், அவற்றினும் மிகுதியாகத் திரைப்படங்களுக்கும் இதில் பங்குண்டு. நாயகன் பின்தொடர்வான், நாயகி சினப்பாள், ஒரு பாட்டு முடிவதற்குள் சினம் நகையாகும். பல பத்தாண்டுகளாகப் பன்முறை கண்டுவிட்ட காட்சி இது. கைக்கிளையாய்த் தொடங்குவதைக் கதாசிரியர் தம் எழுதுகோலால் ஐந்திணையாக மாற்றிவிடுகின்றார். ஏட்டில் அது எளிது. நாயகியின் மனமும் அவர் கையில்தான் உள்ளது. இரயில் பெட்டியில் நிற்கும் பெண்ணின் மனம் எந்த ஆசிரியர் கையிலும் இல்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழ்ப் படம் வெறும் பொழுதுபோக்கன்று. தாய்நாட்டின் ஒரு துண்டு. நம் பிள்ளைகள் தமிழ்க் காதல் இன்னதென்று அதனிடமே கற்கின்றனர். ஆதலின் அது கற்பிப்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

சட்டமும் மெல்லத்தான் விழித்தது. 1998-இல் சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர், தெருவில் இளைஞர் சிலர் செய்த தொல்லையால் உயிரிழந்த பின்னர், தமிழ்நாடு அரசு ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரில் முதலில் 'ஈவ் டீசிங்' என்றே இருந்தது. கேலி, விளையாட்டு என்னும் பொருள் அதில் கலந்திருந்தது. 2002-இல் அப்பெயரை நீக்கித் துன்புறுத்தல் என்று மாற்றினர். சொல்லோடு நாள்தோறும் மல்லாடும் மொழிபெயர்ப்புத் தொழிலினராகிய நமக்கு இம்மாற்றம் சிறிதாகத் தோன்றவில்லை. கேலி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். துன்புறுத்தல் என்றால் விடை கூறியாக வேண்டும்.

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர், நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை அளித்தது. அவ்வாண்டே இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகப் புலப்படுத்திய பின்னும், அவளை மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து தொடர்புகொள்ளும், அல்லது கொள்ள முயலும் ஆடவன் குற்றவாளி என்பது அதன் கருத்து. மின்னஞ்சல், இணையம் முதலியவற்றில் அவளைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். முதன்முறை மூன்றாண்டு வரையும், மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. இப்பிரிவின் வாசகத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றே. பெண் காரணம் கூற வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வேறொருவனை விரும்புகிறேன் என்று சொல்ல வேண்டும் எனவும் கேட்கவில்லை. விருப்பமில்லை என்பதே போதும்.

இதனை அற்பம் என்று விட்டுவிடுதற்கில்லை. 2022 அக்டோபர் 13 அன்று சென்னைப் பரங்கிமலை இரயில் நிலையத்தில், பின்தொடர்ந்த இளைஞனால் ஒரு கல்லூரி மாணவி ஓடும் இரயிலின் முன் தள்ளப்பட்டு மாண்டார். 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அவ்விளைஞனைக் குற்றவாளி எனத் தீர்த்தது.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பாட்டன் பூமிக்குக் கீழே இறங்கிய ஊரில், பேத்தி பெங்களூருக்கு இரயிலேறுகின்றாள். வீட்டின் சோறு அவ்விரயிலில்தான் வருகிறது. அவளை நிறுத்தினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பும், ஒரு பெண்ணின் எதிர்காலமும் ஒருங்கே நின்றுவிடும்.

மறுநாள் மாலை அத்தந்தையோடு அமர்ந்து இக்கதையை நாம் பேசினோம். "புகார் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்?" என்றார் அவர். சோழவேந்தனும் அதற்குத்தான் அஞ்சினான் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "காவல் நிலையத்திற்கு எந்த ஊரில் போவது? பங்காருப்பேட்டையா, பெங்களூரா?" என்று கேட்டார். எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். எல்லை கருதித் திருப்பியனுப்பலாகாது என்பது இப்போதைய சட்டம். 112 என்னும் எண்ணும், மகளிர்க்கான 181-உம், இரயில் பயணியர்க்கான 139-உம் நாடெங்கும் ஒன்றே. பம்பாயில் இருப்பினும், தில்லியில் இருப்பினும், தங்கவயலில் இருப்பினும் நம் பெண்களுக்கு இவை பொருந்தும்.

மறுநாள் விடியுமுன் மாரிக்குப்பம் நிலையத்தில் தந்தையும் மகளும் சேர்ந்து நின்றனர். அவள் இரயிலில் ஏறினாள். அவரும் உடன் ஏறினார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அடைக்கப்பட வேண்டியவர் யார் என்பதில் அவ்வீட்டில் இப்போது ஐயம் இல்லை.